நிகழ்காலத்தில் பெருக்குதல்

ஸ்பானிய மொழி இருபது நாடுகளில் பேசப்படுகிறது. சரியாகப் பேசப்படுவது ஒரே ஊரில். அந்த ஊர் சலமான்கா. சலமான்காவிலும் எல்லாத் தெருவிலும் அல்ல, சான் கௌதியோசோ மாணவர் விடுதியில். விடுதியிலும் எல்லா அறையிலும் அல்ல. சமையல்காரி பேசுவது அவள் ஊர்ப் பேச்சு, இயக்குநர் தோன் இலாரியோ பேசுவது அறிவிப்புப் பலகைப் பேச்சு, என் நண்பன் ரூஃபோ பேசுவது பெரும்பாலும் ஏப்பம். மிஞ்சுவது மூன்றாம் மாடியில் இருபத்துமூன்றாம் எண் அறை. அதில் நான் குடியிருந்தேன். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவன் அதன் வினைச்சொல்லை உட்கார்ந்து ஒப்பிக்க மாட்டான். நான் செய்கிறேன், நீ செய்கிறாய், அவன் செய்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு ஒருவன் போனால் அவன் ஒன்று அயலான், இல்லையென்றால் வேலைக்காரன். இந்த உண்மையை விடுதியின் சுவரேட்டில் ஒரு கட்டுரையாகவே எழுதினேன். பதினோரு பேர் படித்தார்கள். பன்னிரண்டாவதாகப் படித்தவர் தோன் இலாரியோ. அதே தாளின் கீழ்ப்பாதியில் அவருடைய பொய்முடியைப் பற்றி நான் எழுதிய பாட்டு இருந்தது.

அதனால்தான் செப்டம்பர் கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்கார வேணாம், எலாதியோ. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சரிங்க ஐயா."

"மூணு பாடத்துல பெயில். சுவரேட்டுல என் தலை. இந்த வருஷமும் உன்னை இங்க வெச்சுக்க ஒரு காரணம் சொல்லு பார்ப்போம்."

"ஸ்பானிஷ் நல்லா பேசுவேன், ஐயா."

"அதனாலதான் கூப்பிட்டேன்," என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "கினியாவிலேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான். மெலித்தோன் ஓபோனோ. நம்ம அறக்கட்டளை அம்மாக்கள்தான் அவனைப் படிக்க வெக்கிறாங்க. ரெண்டு நாளா பார்க்கிறேன், வாயே திறக்கல. சாப்பிட்டியான்னா தலையாட்டுறான். ரூம் பிடிச்சிருக்கான்னா தலையாட்டுறான். பாவம், பாஷை தெரியல. நவம்பர் மூணு நம்ம சான் கௌதியோசோ திருநாள். அம்மாக்கள் எல்லாரும் வருவாங்க. அன்னிக்கு அவன் எழுந்து நின்னு ரெண்டு வாக்கியம் நன்றி சொல்லணும். சொன்னான்னா இருபத்துமூணு உனக்கு. சொல்லலைன்னா பெட்டியைக் கட்டு."

பெட்டியைக் கட்டினால் எங்கே போவேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊரான கிஹ்வேலோவில் என் அப்பாவுக்குப் பன்றித்தொடை உப்பிட்டு உலர்த்தும் கூடம் இருக்கிறது. இன்னொரு முறை விடுதியிலிருந்து துரத்தப்பட்டால் படிப்புக்கு முழுக்கு, நேரே உப்பறைக்கு வந்து சேர் என்று கோடை விடுமுறையிலேயே சொல்லியிருந்தார். அப்பா ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் உள்ளவர் அல்ல. உப்பறையில் ஆகஸ்டிலும் மூக்கு உறையும்.

இங்கே எங்கள் விடுதியின் சட்டத்தைச் சொல்லவேண்டும். முதலாண்டு மாணவன் புதுசு, மற்றவர்கள் பழசு. வந்த நாளிலிருந்து சான் கௌதியோசோ திருநாள் வரை புதுசு விடுதிக்குள் வாய் திறக்கக் கூடாது. பழசு கேட்டால் மட்டும், கேட்டதை மட்டும் சொல்லலாம். மீறினால் முற்றத்து நீரூற்று. தோன் இலாரியோவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலிருக்க அவர் மிகவும் பாடுபட்டார்; முற்றத்துப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருந்தார்.

அந்த ஆண்டு வாசலில் நின்று புதுசுகளுக்குச் சட்டத்தைப் படித்துக் காட்டியவன் ரூஃபோ. அஸ்தூரியாஸ் சுரங்க ஊரிலிருந்து வந்த தெல்மோவிடம் படித்தான், அவன் வாயை மூடிக்கொண்டான். மெலித்தோனிடம் படித்தான், அவனும் வாயை மூடிக்கொண்டான். இருவரிடமும் ஸ்பானிய மொழியில்தான் படித்தான். தெல்மோ பேசாததைப் பணிவு என்று புரிந்துகொண்டோம். மெலித்தோன் பேசாததை அறியாமை என்று புரிந்துகொண்டோம். இதில் யோசிக்க ஏதாவது இருந்ததாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மெலித்தோன் சேர்ந்திருந்தது சட்டப் படிப்பு. விரிவுரையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். அதைப் பார்த்துவிட்டு வந்த ரூஃபோ, "படம் வரையறான் மச்சி," என்றான். நம்பினேன்.

பாடத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் பழசுகள் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். தோலைத் தரையில் துப்புவார்கள். காலடியில் தோல் நொறுங்காத கடை நல்ல கடையே அல்ல என்பது எங்கள் நாட்டு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விடுதிக்குள்ளும் காப்பாற்றி வந்தோம். பெருக்குவது புதுசுகளின் வேலை. ஆகவே நான் தேர்ந்தெடுத்த சொல் பர்ரேர்: பெருக்குவது. ஒழுங்கான வினைச்சொல், முரண்டு பிடிக்காது. கடைசி 'ஏர்' ஒலியை வெட்டிவிட்டு ஆளுக்கு ஒரு வாலை ஒட்டினால் போதும். நான் என்றால் பர்ரோ, நீ என்றால் பர்ரெஸ், அவன் என்றால் பர்ரே. நாங்கள் பர்ரேமோஸ், நீங்கள் பர்ரெய்ஸ், அவர்கள் பர்ரென். நிகழ்காலம் முடிந்தது. கழுதைக்குக்கூட ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று ரூஃபோ சொன்னான். அவனுக்கு வர எத்தனை நாள் ஆனது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

முதல் நாள் மெலித்தோனை நடுக் கூடத்தில் நிறுத்தி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து, காதருகே போய்க் கத்தினேன். பாஷை தெரியாதவனுக்குக் காதும் சரியாகக் கேட்காது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"நா-ன்! யோ! இப்படி நெஞ்சைத் தொடு. யோ. பர்-ரோ. பெருக்கு, பெருக்கு. ஆங். யோ பர்ரோ!"

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நெஞ்சைத் தொட்டு, "யோ பர்ரோ," என்றான். கூடம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கியது. விதையின் உப்பு பட்டிருக்கலாம்.

"அடுத்தது நீ. தூ பர்ரெஸ். எதிர்ல இருக்கிற ஆளைக் காட்டிச் சொல்லு."

எதிரில் இருந்த ஆள் ரூஃபோ. மெலித்தோன் துடைப்பத்தை அவன் பக்கம் நீட்டி, "தூ பர்ரெஸ்," என்றான்.

"என்னையா பெருக்கச் சொல்றான்?" என்று ரூஃபோ எழுந்தான். மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து நிதானமாக அவன் தலையில் கவிழ்த்தான். அவசரமே படவில்லை, திருமுழுக்குக் கொடுக்கிற பாதிரியார்கூட அத்தனை பொறுமையாக ஊற்ற மாட்டார்.

நான் தீர்ப்புச் சொன்னேன். "தப்பு இலக்கணத்துல இல்லை மச்சி. ஆள் மாறிடுச்சு." மெலித்தோன் பக்கம் திரும்பி, "உனக்கு 'நான்' மட்டும் போதும். பெருக்கும்போது வேற யாரும் தேவைப்பட மாட்டாங்க," என்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் தலையாட்டினான்.

இருந்தாலும் திருநாளுக்கு முழு வரிசையும் காட்டினால் அம்மாக்கள் உருகுவார்கள் என்று பட்டதால், மறு வாரத்திலிருந்து ஆளை நோக்கி நீட்டாமல், கூரையைப் பார்த்துச் சொல்லப் பழக்கினேன். நாலாம் நாளே ஆறு வடிவமும் வந்துவிட்டன. நானே அதிர்ந்துபோனேன். ரூஃபோ விதையைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"கத்துக்கிட்டான்ல? அப்போ நாளையிலேர்ந்து இவனையும் ஊத்துல இறக்கிடலாம். பாடம் இருக்குன்னுதானே விட்டு வெச்சோம்."

"பாடம் முடிஞ்சா தாராளமா இறக்கு," என்றேன்.

இதை அவன் முன்னாலேயே பேசினோம். தெரியாதவன் முன்னால் பேசினால் என்ன?

மறுநாள் அவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். 'நாங்கள்' வந்தபோது பர்ரேமோஸுக்குப் பதிலாக, "நோசோத்ரோஸ் பர்ராமோஸ்," என்றான் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கூடம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து புதிது புதிதாகத் தப்பு செய்தான். ஒரு தப்பு இரண்டாம் முறை வராது. அதையெல்லாம் சேர்த்துச் சுவரேட்டில் தினம் ஒரு பத்தி எழுதினேன். இந்த முறை நாற்பது பேர் படித்தார்கள். என் எழுத்து வாழ்க்கையில் அதுதான் உச்சம்.

மெலித்தோன் பாடத்தில் இருந்தான், மற்றப் புதுசுகள் வாயே திறக்கவில்லை; ஆகவே நீரூற்று முழுக்கத் தெல்மோவுக்குக் கிடைத்தது. தெல்மோவின் தப்பு என்னவென்றால், முதல் நாளே எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான். "ஆறையும் சொல்லுடா," என்றார்கள். ஆறையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "இறந்தகாலமும் வேணுமாங்க?" என்று கேட்டான். கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். அக்டோபரில் தினமும் மதியம் மூன்று மணிக்குத் தெல்மோ முழங்கால் தண்ணீரில் நின்று துடைப்பத்தால் தண்ணீரைப் பெருக்கினான். தண்ணீர் பெருக்கப் பெருக்கத் திரும்பி வரும். அது நல்ல வேடிக்கை என்று நானும் ஒரு பத்தி எழுதினேன்.

மூன்றாம் வாரம் இருமல் வந்தது. நாலாம் வாரம் காய்ச்சல். ஒரு காலை பேருந்தில் அவன் அம்மா வந்தாள். சிறிய பெண்மணி. மகனுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ரூஃபோ கதவைத் திறந்து பிடித்தான், நல்ல வளர்ப்பு. நடையில் மெலித்தோன் பெருக்கிக்கொண்டிருந்தான். அவள் போக வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"வரேம்பா," என்றாள் அவனிடம். இருந்த அத்தனை பேரில் அவனிடம் மட்டும்.

அவன் தலையாட்டினான்.

நவம்பர் மூன்றாம் தேதி கூடத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அறக்கட்டளை அம்மாக்கள் ஏழு பேர். நடுவில் தலைவி தோன்யா உர்சுலா. காது கேட்காததுபோல இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பவள். தோன் இலாரியோ பொய்முடியைப் புதிதாகச் சீவியிருந்தார். மெலித்தோனுக்கு என் கழுத்துப்பட்டையைக் கட்டிவிட்டேன். இரண்டு வாக்கியமும் தயார்: 'நன்றி அம்மா. நான் கற்கிறேன்.' பிறகு பர்ரேர், நிகழ்காலம், ஆறு வடிவம். தப்பு விடக் கூடாது என்று காலையில் அரை மணி நேரம் காதில் கத்தியிருந்தேன். இருபத்துமூன்றாம் அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

நான் எழுந்து பேசினேன். "அம்மாக்களே, முப்பத்தைந்து நாளைக்கு முன்னால் இவன் வாயில் ஒரு சொல் இல்லை. இன்று நீங்கள் கேட்கப்போவது என் உழைப்பு."

மெலித்தோன் எழுந்தான். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான். அவன் பேசிய ஸ்பானிய மொழி இருபத்துமூன்றாம் எண் அறையிலும் கேட்டிராதது.

"மதிப்பிற்குரிய அம்மையீர், நன்றி. என் தந்தை மலாபோ நகரின் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாக ஸ்பானிய இலக்கணம் கற்பிக்கிறார். எங்கள் நாட்டின் ஆட்சிமொழி ஸ்பானியம்; இருநூறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கப்பலில்தான் வந்தது. ஆயினும் இங்கே தோன் எலாதியோ பெரும் பாடுபட்டு எனக்கு ஒரு வினைச்சொல்லைக் கற்பித்தார். அதை எடுத்துக்காட்டுகளோடு ஒப்புவிக்கிறேன்."

எங்கள் பூகோளப் புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்தது பிறகு நினைவுக்கு வந்தது. அதை நடத்திய அன்று நானும் வகுப்பில்தான் இருந்தேன். படம் வரைந்துகொண்டிருந்தேன்.

"யோ பர்ரோ: ரூஃபோ துப்புகிற தோலை நான் பெருக்குகிறேன். தூ பர்ரெஸ்: நீ பெருக்குகிறாய் என்று இங்கே யாரையும் சொல்லக் கூடாது, சொன்னால் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எல் பர்ரே: அவன் நீரூற்றில் நின்று தண்ணீரைப் பெருக்குகிறான். நோசோத்ரோஸ் பர்ரேமோஸ்: புதிதாக வந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் பெருக்குகிறோம். வோசோத்ரோஸ் பர்ரெய்ஸ்: நீங்கள் பெருக்குவதை நான் இன்னும் பார்க்கவில்லை. எயோஸ் பர்ரென்: அவர்கள் பெருக்குகிறார்கள், தோன் இலாரியோ திரையை இழுத்துவிடுகிறார். தெல்மோவைப் பற்றியும் சொல்ல ஆசை. ஆனால் தெல்மோ போய்விட்டான். அதற்கு இறந்தகாலம் வேண்டும். தோன் எலாதியோ நிகழ்காலம்வரைதான் கற்பித்தார்."

உட்கார்ந்தான். முதலில் கைதட்டியவர் தோன் இலாரியோ. தட்டிவிட்டு, என்ன தட்டினோம் என்பது புரிந்து, கைகளை மேசைக்கடியில் இறக்கினார்.

"யாருப்பா தெல்மோ?" என்றாள் தோன்யா உர்சுலா.

யாரும் பேசவில்லை. திடீரென்று எல்லாரும் புதுசாகிவிட்டோம்.

"இலாரியோ, கேக்கிறேன்ல? யாரு தெல்மோ? எதுக்குத் தண்ணியில நின்னான்?"

"அது... அம்மா, எனக்கே இப்பதான்... இந்தப் பாடம் கீடம் எல்லாம் எலாதியோ பொறுப்பு."

நான் ரூஃபோவைப் பார்த்தேன். ரூஃபோ தட்டைப் பார்த்தான். "ஆமாங்கம்மா, வாத்தியார் அவன்தான். சுவரேட்டுல தினமும் எழுதுவான். எடுத்துட்டு வரட்டுமா?" என்றான்.

எடுத்துக்கொண்டு வந்தான். தோன்யா உர்சுலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நீரூற்றுப் பத்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அந்தப் பத்திக்கு அவளைவிடக் கவனமான வாசகர் கிடைத்ததில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்றரைக்கு மெலித்தோன் தன் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். இருபத்துமூன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

"பேசக்கூடாதுன்னீங்க."

"அது எல்லாருக்கும் உள்ளதுதானே. எங்கிட்ட தனியா சொல்லியிருந்தா..."

"பாடம் முடிஞ்சா தண்ணீன்னீங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"அப்போ தெல்மோ?"

அவன் மெத்தையை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"தெல்மோவுக்குத்தான் அவசரம். ஆறையும் ஒரே மூச்சுல சொல்லிட்டான்," என்றான். குரலில் எதுவும் இல்லை. பிறகு, "இந்த ஜன்னல் சாத்துமா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் தூக்கி இழுக்கணும்."

"சரி. என் கழுத்துப்... உங்க கழுத்துப்பட்டை." அவிழ்த்துக் கொடுத்தான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். வண்டிக்காக அங்கே கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மெலித்தோன் இறங்கி வந்து நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். ரூஃபோ நகர்ந்து இடம்விட்டு, "எடுத்துக்க மச்சி," என்று கை நிறைய விதை கொடுத்தான். திருநாள் முடிந்துவிட்டது, சட்டப்படி அன்றோடு புதுசுகள் எல்லாரும் பழசு. மெலித்தோன் ஒரு விதையைக் கடித்தான். தோலை விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். தரையில் போட்டான். அடுத்த தோலைப் பார்க்கவில்லை, துப்பினான்.

கிஹ்வேலோவில் அப்பா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை உப்பறைக் கதவைத் திறந்து, மூலையைக் காட்டினார்.

"படிச்சவன்தானே. பெருக்க வருமா?"

"வரும்ப்பா."

உப்பறையில் தொடைகள் உப்புக்குள் புதைந்து வரிசையாகக் கிடக்கும். ஓரத்திலிருந்து உப்பு சரிந்து தரையெல்லாம் பரவும். அதைச் சுவரிலிருந்து வடிகால்வரை தள்ளவேண்டும். ஈர உப்பு கனமானது. சும்மா தள்ளினால் முதுகு பத்து நிமிடத்தில் விட்டுப்போகும். ஏதாவது ஒரு தாளத்துக்குத் தள்ளவேண்டும். முதல் வாரம் எண்களைச் சொல்லிப் பார்த்தேன். எண்களுக்கு முடிவே இல்லை, சலித்துவிட்டது. பாட்டு வாயில் நிற்கவில்லை. உதடு விறைத்துப்போகிற குளிர்.

சுவரிலிருந்து வடிகாலுக்குச் சரியாக ஆறு வீச்சு. இதை ஜனவரியில்தான் கவனித்தேன்.

வாசல் பக்கம் பார்த்தேன். மேஸ்திரி வெளியே லாரியிடம் இருந்தார். துடைப்பத்தைச் சுவரோடு வைத்தேன்.

"பர்ரோ," என்றேன், காதில் விழாத குரலில். ஒரு வீச்சு. "பர்ரெஸ்." அந்த இடத்தில் எதிரே யாராவது இருக்கவேண்டும். தொடைகள்தான் இருந்தன, ஒன்றும் எழுந்து என் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. "பர்ரே. பர்ரேமோஸ். பர்ரெய்ஸ். பர்ரென்." உப்பு வடிகாலில் விழுந்தது.

திரும்பிச் சுவருக்குப் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.